என் மலிவு கிட்டாரும் லியோ ஃபெண்டரும்

கடந்த ஆண்டு எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நடந்த தீபாவளிக் கலைநிகழ்ச்சியில், மூன்றாவது பாடலின் சரணத்தில், என் பேஸ் கிட்டாரின் சத்தம் திடீரென்று நின்றுபோனது. நான் கம்பியை மீட்டிக்கொண்டேதான் இருந்தேன். விரல் அசைகிறது, ஒலி மட்டும் வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார். ஆனால் எங்கள் குழுவின் தபேலா அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கிட்டாரை நான் 180 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். பழையது, இந்தோனேசியாவில் செய்யப்பட்டது. விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம். இளையராஜாவின் பாடல்களைக் காதணி ஒலிப்பானில் கேட்டுக் கேட்டு, பாடகரின் குரலுக்கு அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்து போகிறதே, அதை வாசிப்பது எந்தக் கருவி என்று தேடியதில்தான் பேஸ் கிட்டார் எனக்கு அறிமுகமானது. மேடையில் மானம் போன அன்று இரவு நான் எடுத்த முடிவு ஒன்றுதான். இந்தக் குப்பையை விற்றுவிட்டு, 1,400 வெள்ளி விலையுள்ள நல்ல கிட்டார் ஒன்றைத் தவணையில் வாங்க வேண்டும்.

விற்பதற்கு முன் பழுதை மட்டும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வயதான சீன அங்கிள் திருப்புளியால் ஒரு சிறு தகட்டைக் கழற்றினார். ஒலிக்கம்பியைச் செருகும் துளையின் மரை தளர்ந்திருந்தது. அதனால் உள்ளே இருந்த பகுதி ஒவ்வொரு முறையும் சுழன்று சுழன்று, ஈயத்தால் பற்றவைத்த ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது. பற்றவைத்து, மரையை இறுக்கி, ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார். கிட்டாரை விற்கப்போகிறேன் என்று சொன்னதும் சிரித்தார். இந்தக் கருவியை முதன்முதலில் வடிவமைத்தவரே ஒரு ரேடியோ பழுதுபார்ப்பவர்தான், பழுதுபார்க்கத் தோதாகத்தான் செய்திருக்கிறார் என்றார். வீட்டுக்கு வந்து அந்த மனிதரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பெயர் லியோ ஃபெண்டர்.

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அனஹைம், ஃபுல்லர்ட்டன் ஆகிய இரு ஊர்களுக்கும் இடையே அவருடைய பெற்றோருக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. 8 வயதில் இடது கண்ணில் கட்டி வந்து, அந்தக் கண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். பதின்ம வயதின் தொடக்கத்தில், வாகன மின்சாரக் கடை நடத்திவந்த அவருடைய மாமா ஒரு பெட்டி நிறைய கழித்துப்போட்ட வானொலிப் பாகங்களையும் ஒரு மின்கலத்தையும் அனுப்பிவைத்தார். பிறகு மாமாவின் கடைக்குப் போனபோது, உதிரிப் பாகங்களைக் கொண்டு மாமா செய்த வானொலிப்பெட்டி கடைவாசலில் முழங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

ஆனாலும் கல்லூரியில் அவர் படித்தது மின்னியல் அல்ல, கணக்கியல். மின்னியல் வகுப்புக்கே அவர் போனதில்லை. பட்டறையில் கற்றதுதான் எல்லாம். பள்ளியில் பியானோவும் சாக்சஃபோனும் பழகினார். கிட்டார் மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. உலகின் பாதிக் கிட்டார்கள் இன்று அவருடைய வடிவத்தைத்தான் பின்பற்றுகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் பனிக்கட்டி நிறுவனம் ஒன்றில் பொருள் விநியோகிப்பவராகச் சேர்ந்து, அங்கேயே கணக்கெழுதுபவராக உயர்ந்தார். 1934இல் எஸ்தர் என்பவரை மணந்தார். மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்காளர் வேலை கிடைத்தது. அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் ஆட்டிப்படைத்த காலம் அது. அந்த வேலை போனது. டயர் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1938இல் 600 டாலர் கடன் வாங்கிச் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி, ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தார். அப்போது அவருக்கு வயது 29 நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை தேடி விண்ணப்பம் மேல் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கும் என் அண்ணனிடம் இந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, கடன் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டான்.

கடைக்கு வானொலிகளோடு இசைக்கலைஞர்களும் வந்தார்கள். அவர்களுடைய ஒலிபெருக்கிகள் பழுதாகும், கிட்டாரில் பொருத்திய பிக்அப் கெட்டுப்போகும். பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள். இரும்புக் கம்பி அதன்மேல் அதிரும்போது சுருளில் மின்சாரம் தோன்றும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான். பழுதுபார்த்த ஒவ்வொரு பொருளும் எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதை லியோ கவனித்துக்கொண்டே இருந்தார். முதலில் டாக் காஃப்மன் என்ற கிட்டார் கலைஞரோடு சேர்ந்து மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களைச் செய்தார். 1946இல் காஃப்மன் விலகிக்கொண்டார். லியோ தனியாகத் தம் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடர்ந்தார். பிறகு ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். ஊர்ப்பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.

1950ஆம் ஆண்டில் லியோவின் பட்டறையிலிருந்து கெட்டி மரப்பலகையால் ஆன மின்கிட்டார் வெளிவந்தது. பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பெயர்பெற்றது அதுதான். அதற்குப் பிறகு அவர் கவனம் வாத்தியக் குழுக்களில் பின்னால் நின்ற ஒருவர் பக்கம் திரும்பியது.

அந்தக் காலத்தில் தாழ்ந்த சுருதியை வாசிக்க டபுள் பேஸ் என்ற பெரிய வாத்தியம்தான் இருந்தது. ஆளுயரத்துக்கும் மேல் இருக்கும். வாகனத்தில் ஏற்றுவதே பெரும்பாடு. மின்கிட்டாரும் டிரம்ஸும் முழங்கும் கூடத்தில் அதன் ஒலி யாருக்கும் கேட்காது. இன்னொரு சிக்கலும் இருந்தது. வீணையில் மெட்டுகள் இருக்கின்றன அல்லவா, டபுள் பேஸில் அவை இல்லை. வயலினைப்போல விரலைச் சரியான இடத்தில் வைப்பது முழுக்க வாசிப்பவரின் காதைப் பொறுத்தது. பல ஆண்டுப் பயிற்சி இல்லாமல் சுருதி சேராது.

லியோ 1951இல் இதற்கு ஒரு விடை கண்டார். கிட்டாரைப்போலவே தோளில் மாட்டிக்கொள்ளலாம். நான்கு கம்பிகள். டபுள் பேஸின் அதே சுருதிகள். கழுத்தில் 20 மெட்டுகள், அவற்றின்மேல் விரலை அழுத்தினால் சுரம் துல்லியமாக விழும். அதனால்தான் துல்லியம் என்று பொருள்படும் பிரிசிஷன் பேஸ் என்ற பெயர். அதிரும் கம்பியின் நீளத்தை 34 அங்குலம் என்று வைத்தார். இந்த எண் முக்கியம். பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர வேண்டும். சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி அதிர்வதில் அது பாதி. கம்பி மிகக் குட்டையாக இருந்தால் தளர்ந்து தொளதொளக்கும், மிக நீளமாக இருந்தால் விரல் எட்டாது. இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு அதே 34 அங்குலம். என்னுடைய 180 வெள்ளி கிட்டாரை அளந்து பார்த்தேன், அதிலும் அதுவே.

கடைக்கார அங்கிள் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது கழுத்துப் பகுதியைப் பற்றிப் படித்தபோதுதான். மரபான கிட்டார்களில் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவார்கள். அது முறிந்தாலோ வளைந்தாலோ கைதேர்ந்த தச்சர்தான் சரிசெய்ய முடியும். லியோ பசையை விட்டுவிட்டு நான்கு திருகாணிகளால் கழுத்தை உடலோடு பூட்டினார். கெட்டுப்போனால் திருகாணியைக் கழற்றி வேறு கழுத்தைப் பொருத்திக்கொள்ளலாம். ஒலிப் பாகங்களையும் அப்படியே திறந்து பார்க்கும்படி அமைத்தார். அழகுக்காக அல்ல, தொழிற்சாலையில் வேகமாகச் செய்ய வேண்டும், செலவு குறைய வேண்டும் என்ற கணக்குப்பிள்ளைப் புத்தியும் அதில் இருந்தது. இசைக்கருவி செய்யும் மரபில் வந்தவராக இருந்திருந்தால் அவருக்கு இப்படித் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர் செய்ததெல்லாம் முதலிலேயே சரியாக வந்துவிடவில்லை. முதலில் வந்த சில கிட்டார்களின் கழுத்துக்குள் இரும்புத் தண்டு இல்லை. மேப்பிள் மரம் கெட்டி, அதற்குத் தண்டு தேவையில்லை என்பது அவர் எண்ணம். கழுத்துகள் வளைந்தன. பிறகு தண்டு வைக்கத் தொடங்கினார். டிரஸ் ராட் என்று அதைச் சொல்வார்கள். கம்பிகள் இழுக்கும் விசைக்கு எதிராக அது கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும். ஒரு பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் ஆளின் எடை அளவுக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

என் கிட்டாரில் கம்பிகள் மெட்டுகளிலிருந்து உயர்ந்து நிற்பதும், அழுத்தி அழுத்தி விரல் வலிப்பதும் மலிவுப் பொருளின் குணம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் ஊறும், குளிரூட்டிய அறையில் காயும், கழுத்து அசையும். ஆறங்கச் சாவியைக் கொண்டு டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்கினேன். ஒரு நாள் பொறுத்து இன்னொரு கால் சுற்று. அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகினால் தண்டு முறிந்துவிடக்கூடும். மூன்றாம் நாள் கம்பி கீழே இறங்கியிருந்தது. இந்த மேம்பாட்டுக்கு நான் செலவழித்த பணம் ஒன்றுமே இல்லை.

பிரிசிஷன் பேஸ் வந்ததும் உலகம் கைதட்டி வரவேற்றுவிடவில்லை. இசைக்கடைக்காரர்கள் பலருக்கு அது விந்தையாகத் தெரிந்தது. லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மங்க் மான்ட்கோமெரி அதை மேடையேற்றினார். எல்விஸ் பிரெஸ்லியின் பேஸ் கலைஞர் பில் பிளாக்கும் 1957 வாக்கில் அதற்கு மாறினார். டெட்ராய்ட் நகரின் மோடவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற மேதை அதை வாசித்த விதத்தில்தான் பேஸ் தனி மொழியாகவே ஆனது. ஜேமர்சன் தம் கிட்டாரின் கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பழைய, வழவழப்பான கம்பிகள்தான் அவருடைய ஒலி. இதைப் படித்துவிட்டு நானும் 40 வெள்ளிக்கு வழவழப்பான கம்பிகள் வாங்கிப் போட்டேன். புதிய பிக்அப்புக்கு 200 வெள்ளி செலவழிக்க வேண்டும் என்று நண்பர்கள் சொன்னதை அத்தோடு மறந்தேன். ஒலி அந்த அளவுக்கு மாறியிருந்தது.

லியோவும் தம் பேஸை அப்படியே விட்டுவிடவில்லை. முதல் மாதிரியில் இரண்டு கம்பிகளுக்கு ஒரு தாங்கி என மொத்தம் இரண்டு தாங்கிகளே இருந்தன. ஒரு கம்பியின் சுருதியைத் திருத்தினால் பக்கத்துக் கம்பி கெடும். 1957இல் நான்கு கம்பிக்கும் நான்கு தாங்கிகள் வைத்தார். பிக்அப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று எதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு பாதியிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடி வரும். இவ்வளவு எளிய கணக்கு.

என் கிட்டாரில் இருப்பதும் அந்த 1957ஆம் ஆண்டு வடிவத்தின் நகல்தான். அப்படியிருந்தும் இரைந்தது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்கும், கையை எடுத்தால் மறுபடி எழும். திறந்து பார்த்தால் உள்ளே வெறும் மரம். மின்பாகங்களைச் சுற்றி உலோகக் கவசம் எதுவும் இல்லை. விலையைக் குறைக்க எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்தது. ஒட்டும் செப்புப் பட்டையை வாங்கி, குழியின் உட்புறம் முழுவதும் ஒட்டி, அதைப் புவி இணைப்பு ஒயரோடு சேர்த்துப் பற்றவைத்தேன். முதல் தடவை நான் பற்றவைத்த இடம் விட்டுப்போனது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. கட்டைவிரலில் சிறிய தழும்பு இருக்கிறது.

கருவி செய்து கொடுத்ததோடு லியோ நிற்க மாட்டார் என்பதற்கு டிக் டேல் கதை நல்ல உதாரணம். கலிஃபோர்னியக் கடலோர நடனக் கூடத்தில் வாசித்த கிட்டார் கலைஞர் அவர். லியோ கொடுத்த ஒலிபெருக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துத் தள்ளினார். லியோவுக்குக் காரணம் விளங்கவில்லை. கடைசியில் தாமே அந்தக் கூடத்துக்குப் போய்க் கூட்டத்தின் நடுவே நின்றார். ஆயிரக்கணக்கானோர் நிறைந்த கூடத்தில், பட்டறையில் போதுமானதாக இருந்த சத்தம் எங்கே போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பிப்போய் இன்னும் வலுவான ஒலிபெருக்கியைச் செய்தார். தன்னால் வாசிக்க முடியாததால்தானோ என்னவோ, வாசிப்பவர்களின் குறைகளை அவர் ஒருபோதும் தட்டிக்கழிக்கவில்லை.

1960இல் ஜாஸ் பேஸ் என்ற இரண்டாவது மாதிரி வந்தது. ஒல்லியான கழுத்து, இரண்டு பிக்அப்கள். அதற்குள் அவருடைய உடல்நலம் கெட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஒரு கிருமித்தொற்று அவரை வாட்டிவந்தது. இனி அதிக நாள் இல்லை என்ற எண்ணத்தில் நிறுவனத்தை விற்க முடிவெடுத்தார். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 13 மில்லியன் டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. கிட்டார்களின் தலையில் எழுதியிருந்த அவருடைய பெயரும் அத்தோடு கைமாறியது.

விற்றபின் வேறு மருத்துவரிடம் போனார். குணமாகிவிட்டார்!

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 55 வயது. உடலில் தெம்பு இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, ஆனால் வாழ்நாள் உழைப்பு வேறு ஒருவருக்குச் சொந்தம். போட்டியாகக் கிட்டார் செய்யக் கூடாது என்ற நிபந்தனை வேறு. பலர் படகு வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கப் போயிருப்பார்கள். உண்மையில் லியோவுக்கும் படகென்றால் பிரியம்தான். ஆனால் நிபந்தனைக் காலம் முடிந்ததும் அவர் மறுபடி பட்டறைக்குத்தான் போனார்.

பழைய ஊழியர்கள் இருவர் தொடங்கிய மியூசிக் மேன் நிறுவனத்தில் சேர்ந்து, 1975இல் அதன் தலைவரானார். 1976இல் அங்கிருந்து ஸ்டிங்ரே பேஸ் வந்தது. கிட்டாருக்குள்ளேயே மின்கலத்தில் இயங்கும் சிறு ஒலிமிகைப்பான் அதில் இருந்தது. பிறகு அங்கேயும் கருத்து வேறுபாடு. 1979இல் மனைவி எஸ்தர் இறந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற மூன்றாவது நிறுவனத்தைத் தொடங்கினார். தம் சொந்தக் குடும்பப் பெயரைக் கிட்டாரில் பொறிக்க அவருக்கு அப்போது உரிமை இல்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலை இருந்த தெருவின் பெயர் ஃபெண்டர் அவென்யூ.

1951இல் செய்த அதே நான்கு கம்பிக் கருவியைத்தான் அங்கேயும் திருத்திக்கொண்டிருந்தார். பிக்அப்பின் காந்தத்தை மாற்றினார், தாங்கிகளை மரத்தில் இன்னும் உறுதியாகப் பதித்தார். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கியது. அப்போதும் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தார். 1991 மார்ச் 21ஆம் தேதி, 81 வயதில் காலமானார்.

ஃபெண்டர் என்ற பெயரை வைத்திருந்த நிறுவனம் 1982இல் ஸ்குவையர் என்ற மலிவு வரிசையைத் தொடங்கியது. முதலில் ஜப்பான், பிறகு கொரியா, சீனா, இந்தோனேசியா. என்னுடையது அந்தப் பெயரைக்கூடத் தாங்கவில்லை, ஆனால் நான்கு திருகாணிகளும் நான்கு தாங்கிகளும் இருக்கின்றன. போன மாதம் எங்கள் குழு மறுபடி மேடையேறியபோது அதையே எடுத்துப் போனேன். நிகழ்ச்சிக்கு முன் ஒலிக்கம்பித் துளையின் மரையை மூன்று தடவை இறுக்கிப் பார்த்துக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. இரண்டாவது பாடலில் நான் சுரம் தப்பினேன், அதற்குக் கிட்டார் பொறுப்பல்ல.

ஏழாவது மெட்டில் இன்னும் லேசாகக் கரகரக்கிறது. அந்த மெட்டு மரத்திலிருந்து மேலே எழும்பியிருக்கிறதா, கழுத்து மறுபடி அசைந்திருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த வார இறுதியில் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும்.